முனியன்மலையில் மூன்று வெளிச்சம்

போன வாரம் எங்கள் பழைய சர்வே ஆபீசிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். இந்த மலையில் ஒன்று, அந்த மலையில் ஒன்று என்று வைத்து முடுக்கிவிட்டால் நடுவில் உள்ள தூரத்தை அதுவே சொல்லிவிடுமாம். வெயில் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் ஏற்காட்டில் இறங்கிக் காப்பி குடிக்கலாமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்கள் ஒரு வருஷம் முழுக்க மலை மலையாக ஏறினீர்களாமே ஐயா, எவ்வளவு ஆனந்தமாக இருந்திருக்கும்!" என்றார் ஒருவர். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்துவிட்டாள்.

ஆனந்தம் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. இறங்கும்போது இருந்தது.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பிழைத்தவர்கள். தரைக்குக் கீழே பாதி உடம்பை வைத்துக்கொண்டு வாழ்ந்த குடும்பத்தில் ஒருவனைப் பிடித்து மலை உச்சியில் நிறுத்திவிட்டது சர்க்கார். காரணம், என் கையெழுத்து. பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தேன், எண்களை அழகாக எழுதுவேன். சர்வேயில் ரைட்டர் வேலை கிடைத்தது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்கிற எண்ணைக் காதில் வாங்கி, திருப்பிச் சொல்லி, பிறகு எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. சில மாதங்கள் சேலத்தில் மேஜைக்கு முன்னால் இதைப் பழகினேன். மலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த வருஷம் வந்தது. இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி. பழைய சர்வேயில் மலை உச்சிகளில் வெட்டிவைத்த குறிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று திரும்பப் பார்க்கும்படி உத்தரவு. சேலம், நாமக்கல் சமவெளியில் வயலுக்கு நடுவே திடீர் திடீரென்று மலைகள் எழுந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயிலில் போகும்போது அழகாகத்தான் இருக்கும். சங்ககிரி, திருச்செங்கோடு, நைனாமலை, ஜருகுமலை என்று ஒவ்வொன்றாக ஏறினோம். திருச்செங்கோட்டில் படிக்கட்டு உண்டு. அதற்காக அந்த ஊர்க்காரர்களை இன்றைக்கும் வாழ்த்துகிறேன். சங்ககிரியில் கோட்டைச் சுவருக்கு மேல் காற்று அடித்த வேகத்தில் என் தலைப்பாகை பறந்துபோய்க் கீழே எந்த ஊரில் விழுந்ததோ தெரியாது. நான் அதற்குப் பின்னால் போகாமல் இருந்ததே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீசர் பெயர் வெங்கட ராவ். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவார். குடிக்கத் தண்ணீர் இல்லாத உச்சியிலும் அவர் கை கழுவ ஒரு செம்புத் தண்ணீர் மேலே வந்தாக வேண்டும். அந்தச் செம்பைப் பற்றி, சாமான் சுமக்கும் கலாசிகள் பேசிக்கொண்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கழுவித் துடைத்துவிட்டு, கருவிக்கு ஒரு குடையைப் பிடிக்கச் சொல்லி, குனிந்து பார்ப்பார். எண்ணைச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன், எழுதுவேன். முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது மெதுவாக, "மறுபடி" என்பார்.

அவரை நினைத்தால் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுகிறது. ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வலமிருந்து பார்ப்பார், இடமிருந்து பார்ப்பார், கருவியைப் புரட்டிவைத்துப் பார்ப்பார். சோறு கொதித்து இறக்கி ஆறிப்போயிருக்கும். மறுபடி. நைனாமலையில் ஒரு பெரியவர் சாமி கும்பிட வந்தவர், கருவியில் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். குனிந்து பார்த்தவர் துள்ளி எழுந்து, "ஏனுங்க, எங்கூருக் கோபுரத்தக் கவுத்துப்போட்டுட்டீங்களே!" என்று சண்டைக்கு வந்துவிட்டார். ராவ் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் தோளைத் தொட்டு, வெறுங்கண்ணால் ஊரைப் பார்க்கச் சொன்னார். கோபுரம் நேராகத்தான் நின்றது. "இப்ப மறுபடி பாருங்க" என்று கருவிப் பக்கம் கையைக் காட்டினார். பெரியவர் நிம்மதியாகப் போனார். நாங்கள்தான் இந்த 'மறுபடி'யிலிருந்து தப்பவில்லை.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் ஹீலியோ கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு மலையில் இருப்போம். பார்க்க வேண்டிய குறி பல மைல் தள்ளி இன்னொரு மலையில் இருக்கும். அவ்வளவு தூரத்தில் ஒரு கொடிக்கம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அங்கே ஒரு ஆளைக் கண்ணாடியோடு முன்னதாக அனுப்புவோம். சாண் அகலத்தில் வட்டக் கண்ணாடி, கீழே முக்காலி. பாறையில் வெட்டிய குறிக்கு நேர் மேலே அதை நிறுத்தி, சூரிய வெளிச்சத்தை வாங்கி எங்கள் மலைக்குத் திருப்பிவிடுவான். பகலில் ஒரு நட்சத்திரம் முளைத்தாற்போல் தெரியும். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த வெளிச்சம் யாரை நோக்கி அனுப்பப்படுகிறதோ அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதே மலையின் அடிவாரத்தில் நிற்பவன் அண்ணாந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

எங்களிடமும் ஒரு கண்ணாடி உண்டு, அவனுக்கு உத்தரவு சொல்ல. ஒரு வெளிச்சம் காட்டினால், உன் கண்ணாடியை மூடி மறுபடி காட்டு என்று அர்த்தம். இரண்டு என்றால், நாளைக்கும் அங்கேயே இரு. மூன்று என்றால், எல்லாம் நலம், வேலை முடிந்தது, இறங்கி வா. மூன்று வெளிச்சம் காட்ட ஆபீசருக்கு மட்டுமே அதிகாரம். அது வரும்வரை மழையானாலும் புலியானாலும் கண்ணாடிக்காரன் மலையை விட்டு இறங்கக் கூடாது.

எங்கள் கண்ணாடிக்காரர்களில் கெட்டிக்காரன் செங்கோடன். ராசிபுரம் போகும் பக்கத்தில் முனியன்மலை என்ற தனி மலையின் அடிவாரத்து ஊர்க்காரன். குடியானவ வீட்டுப் பிள்ளை, மாடு பிடிக்கிற உடம்பு. கையில் கண்ணாடி இருந்துவிட்டால் சும்மா இருக்க மாட்டான். நான் சாய்ந்து கண்ணை மூடினால் வெளிச்ச வட்டத்தை என் மூக்கின்மேல் ஆடவிடுவான். நான் எரிந்து விழுந்தால், "ரைட்டருங்க, உங்க மூஞ்சிக்கு ஒரு வெளிச்சம் வரட்டுமுன்னுதானுங்க" என்பான். மலை ஏறும்போது எனக்குக் கை கொடுத்து இழுத்துவிடுகிறவனும் அவன்தான் என்பதால் பொறுத்துக்கொள்வேன்.

தை மாதம் நாங்கள் கஞ்சமலையில் முகாம் போட்டிருந்தோம். அந்த மலை முழுக்க இரும்பு. திசைகாட்டியின் ஊசி அங்கே போதை ஏறியவன்போல் சுற்றும். அங்கிருந்து முனியன்மலையைப் பார்க்க வேண்டும். செங்கோடனுக்கு முதல் குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. "அந்த மலைக்கு நானே போறனுங்க. போற வழில புள்ளையப் பாத்துட்டு அப்படியே ஏறிக்கிறனுங்க" என்று ஆபீசரிடம் கேட்டான். இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. கூடப் போக வேண்டியவனுக்கோ முறைக்காய்ச்சல். ராவ் மப்ளரைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "மேலே போனதும் வெளிச்சம் காட்டு. வெளிச்சம் வந்தா நீ நல்லா இருக்கேன்னு நாங்க தெரிஞ்சுக்கறோம். வரலேன்னா அடுத்த நாளே ஆள் வரும்."

செங்கோடன் கண்ணாடிப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, தோளில் சுரைக்குடுக்கையில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அவன் ஏறியிருக்க வேண்டிய நாளில் காலையெல்லாம் சமவெளியில் பனிமூட்டம். மத்தியானம் கானல். சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்தில் முனியன்மலையின் தலைப்பக்கம் பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது. எங்களுக்குச் சந்தோஷம். ராவ் ஒரு வெளிச்சம் காட்டச் சொன்னார். காட்டியதும் அங்கே அணைந்தது. அவன் மூடிவிட்டான், மறுபடி காட்டுவான் என்று காத்திருந்தோம். அதற்குள் சூரியனும் இறங்கிவிட்டது. மறுநாளும் சாயங்காலம் வெளிச்சம் வந்தது. ராவ் குனிந்து பார்த்தார், எண் சொன்னார், மறுபடி என்றார், மறுபடி என்றார். அதற்கும் அடுத்த நாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "குறிக்கல்லில் உட்காரவில்லை" என்றார். கருவிக்குள் பார்த்தால் உச்சியில் கற்குவியல் தெரிகிறது, வெளிச்சம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கீழே உட்கார்ந்து காட்டினால் எங்கள் கணக்கு எதற்கும் உதவாது.

பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்த கலாசி ஒருவன் உடனே காரணம் சொன்னான். "உச்சிக்குக் கீழதானுங்க முனியப்பன் இருக்கறாரு. சாமி தலைக்கு மேல எப்படீங்க ஏறி உக்காருவான்? அந்தூர்க்காரனாச்சுங்களே." எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். ராவ் என்னைப் பார்த்து, "ரைட்டர், நீங்க போய் அவனைக் குறிமேல உட்கார வச்சுட்டு வாங்க" என்றார். இன்னொரு மலை. அதுவும் என் கணக்கில் இல்லாத மலை. செங்கோடனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மறுநாள் விடிந்ததும் கஞ்சமலையை இறங்கினேன். இளம்பிள்ளையில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. ஆட்டையாம்பட்டியில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, கைமுறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூட அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் வெயில் ஏறும்போது முனியன்மலை அடிவாரத்துக்கு வந்தேன். செங்கோடன் வீட்டைக் கேட்டுப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவன் மனைவி பாவாயி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சாமி. ரைட்டருங்களா? உங்களப் பத்தி சொல்லியிருக்காருங்க. ஊட்டுக்குள்ள வரவேண்டாங்க, தீட்டு இன்னும் கழியலீங்க. அந்த வேம்படி நெழல்ல உக்காருங்க, எங்கண்ணன் எளநி வெட்டித் தருவாரு" என்றாள். அண்ணன் நாச்சிமுத்து அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னைப் பக்கம் போனார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உன் புருஷனால் எனக்கு வந்த வேலையைப் பார் என்று குறை சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நேத்தும் வெளிச்சம் காட்டுனாருங்க. தெனமும் பொழுதெறங்கற நேரத்துக்குப் பளிச்சுன்னு காட்டறாருங்க. புள்ளையத் தூக்கிட்டு வந்து, உங்கப்பன் உனக்குத்தான் காட்டறாரு பாருன்னு சொன்னனுங்க" என்றாள்.

 அவன் கண்ணாடியின் வெளிச்சம் கஞ்சமலைக்கு மட்டும்தான் தெரியும். இந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. இவளுக்கும் தெரிகிறது என்றால் அது கண்ணாடி வெளிச்சம் இல்லை. கண்ணாடி வெளிச்சம் இல்லை என்றால் செங்கோடன் மேலே இல்லை. வேறு என்ன வெளிச்சமோ அதைப் பார்த்துவிட்டு, அவன் நன்றாக இருக்கிறான் என்று நாங்கள் அத்தனை பேரும் அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். ஆள் அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் பல்லைக் காட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சிரித்ததில்லை.

இளநீரை வாங்கும் சாக்கில் நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். "எந்த வழியில் போனான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கோயில் வழில போகலீங்க. புள்ளத் தீட்டுங்களே, முனியப்பன் மூஞ்சில எப்படீங்க முழிக்கிறது? பொறத்தால பள்ளத்து வழியா சுத்தி ஏறிக்கிறேன்னு போனாரு. அது ஆடுகூட ஏறாத வழிங்க." சொல்லிக்கொண்டே கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பாப்பாளுக்கு இப்பத் தெரிய வேண்டாங்க" என்றார். பாப்பாள் என்றது தங்கையைத்தான். அவளிடம், ரைட்டருக்கு வழி காட்டிவிட்டு வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பக்கத்துக் காட்டில் வேலையாக இருந்த சில ஆட்களையும் கண்ணைக் காட்டிக் கூட்டிக்கொண்டார்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த வயதிலும் உள்ளங்கை வேர்க்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் உருண்ட கற்கள், மேலே மரங்கள் கவிந்து வெயிலே படாத இருட்டு. நாச்சிமுத்து முன்னால் போனார். "கீழ பாக்காதீங்க. எங்கால மட்டும் பாத்துக்கிட்டு வாங்க" என்றார். நான் அவருடைய குதிகாலில் இருந்த பித்தவெடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். இன்று அவர் முகம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது, அந்தக் குதிகாலை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். நின்று நின்று "செங்கோடா!" என்று கூப்பிட்டோம். கூப்பிட்ட குரல்தான் திரும்பி வந்தது. இரண்டு மூன்று இடங்களில் நாச்சிமுத்து குனிந்து மண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அவர் சொல்லாததே எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு எத்தனை சாமிக்கு எதை எதை நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே பிறகு சரியாக நினைவில்லை.

உச்சிப்பொழுது வந்தது. கவிந்திருந்த இலைகளின் இடைவெளியில் சூரியன் கொஞ்ச நேரம் நேராக உள்ளே இறங்கியது. மூச்சு வாங்க நின்றவன் எதிர்ப் பாறையைப் பார்த்தேன். பாறையில் சாண் அகலத்துக்கு ஒரு வட்ட வெளிச்சம். அது நடுங்கியது. பிறகு மேலும் கீழும் ஆடியது. என் மூக்கின்மேல் எத்தனையோ தடவை ஆடிய ஆட்டம். நான் இருந்த இடத்தை மறந்து குதித்தேன். நாச்சிமுத்து என் வேட்டியைப் பிடித்து இழுக்காவிட்டால் செங்கோடனுக்கு முன்னால் நான் கீழே போயிருப்பேன்.

இரண்டு பாறைகளுக்கு இடையில் செங்கோடன் கிடந்தான். வழுக்கி விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கால் வீங்கிக் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சுரைக்குடுக்கை உடையாமல் இருந்ததுதான் அவன் உயிர். தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்து, மடியில் இருந்த பொரிமாவை நனைத்துத் தின்று நாளைக் கடத்தியிருக்கிறான். தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணாடிக்குச் சுற்றி வைத்திருந்தான். வெயில் உள்ளே வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தினமும் அதை எடுத்துப் பாறையில் ஆட்டிப் பார்த்திருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "கண்ணாடி ஒடையலீங்க ரைட்டருங்க. காலுதானுங்க போயிருச்சு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். ஆட்டையாம்பட்டி முறுக்கு முழுவதையும் அவன் கையில் திணித்தேன். அவன்தான் என்னைத் தேற்றினான். "வெளிச்சம் வரலீன்னா ஆளு வரும்னு ஆபீசரு சொன்னாரில்லீங்க? எப்படியும் வருவீங்கன்னு தெரியுமுங்க. அந்த நெனப்புலதானுங்க கெடந்தேன். வந்துட்டீங்க பாருங்க" என்றான். வெளிச்சம் வந்தது என்பதை அவனிடம் அப்போது நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அதை அன்றைக்கே உடைப்பானேன்?

ஊர் ஆட்கள் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து, காலுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, அங்குலம் அங்குலமாக அவனை இறக்கினார்கள். நானும் கூடவே இறங்கத்தான் நினைத்தேன். ஆசையோடு கீழே ஒரு அடியும் வைத்துவிட்டேன். அப்போது ராவ் நினைவு வந்தது. சாயங்காலம் அவர் இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இனிக் கஞ்சமலைக்குத் திரும்புவதானால் நாளை இரவு ஆகும். என்னைச் சபித்துக்கொண்டு கண்ணாடியை வாங்கி முதுகில் கட்டினேன். நாச்சிமுத்துவும் தீட்டு வீட்டில் புழங்கியவர் என்பதால் பள்ளத்திலிருந்து கோயில் வழிக்கு என்னைச் சேர்த்துவிட்டு அவர் நின்றுகொண்டார். மிச்ச மலையைத் தனியாக ஏறினேன். ஒரு குதிகால்கூடத் துணைக்கு இல்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே முனியப்பன் இருந்தார். அவருக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு புது வேல். யாரோ ஒரு வேண்டுதல்காரர் அந்தத் தை மாதம்தான் கொண்டுவந்து நட்டிருக்கிறார். இலைபோல் அகலமான அலகு. புளியும் சாம்பலும் போட்டு வெள்ளிபோல் தேய்த்திருந்தார்கள். முனையில் குத்திய எலுமிச்சம்பழம் காய்ந்து தொங்கியது. கொல்லன் கையால் தட்டிய இரும்பு அங்கங்கே புடைத்திருந்ததால், மேற்கே சாய்ந்த சூரியனை வாங்கி நாலா பக்கமும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கஞ்சமலைக்கும் இறைத்தது, பாவாயியின் வாசலுக்கும் இறைத்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோபம் வந்தது, அவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

உச்சிக்குப் போய்க் கற்குவியலை விலக்கினேன். பாறையில் வட்டமும் நடுவில் புள்ளியும் அப்படியே இருந்தன. அடுப்பெரித்த சாம்பல் இல்லை, காலடி இல்லை, யாரும் வந்த சுவடே இல்லை. கண்ணாடியை நிறுத்திக் கஞ்சமலையைக் குறிபார்த்தேன். கண்ணாடி வேலை எனக்குப் பழக்கமில்லை, பார்த்த பழக்கம்தான். வெளிச்சத்தை அனுப்பினேன். உடனே, நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே, கஞ்சமலையிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. மூடு, மறுபடி காட்டு. மூடினேன், காட்டினேன்.

இப்போது என்ன சொல்வது? ஆள் கிடைத்துவிட்டான், உயிரோடு இருக்கிறான், கால் மட்டும் முறிந்திருக்கிறது என்று சொல்ல எங்களிடம் பாஷை கிடையாது. எங்களிடம் இருந்தது ஒன்று, இரண்டு, மூன்று மட்டும். மூன்று காட்ட எனக்கு அதிகாரம் இல்லை. போகிறது போ என்று துண்டால் கண்ணாடியை மூடி மூடித் திறந்து மூன்று வெளிச்சம் காட்டினேன். எல்லாம் நலம், முடிந்தது.

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கஞ்சமலையைப் பார்த்தேன். பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. மறுபடி.

சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடியைத் திருத்தி மூன்று காட்டினேன். ஒரு வெளிச்சம் வந்தது. மறுபடி. மூன்று காட்டினேன். மறுபடி. எனக்குக் கை வலித்தது. காற்று தள்ளியது. பக்கத்தில் பாதாளம். இந்த மனிதருக்கு இதிலுமா மறுபடி என்று வாய்விட்டுத் திட்டினேன். கேட்க முனியப்பன் மட்டும்தான் இருந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, கண்ணாடியில் பிடிக்க வெளிச்சமே இல்லாமல் போகும்வரை 'மறுபடி' கேட்டுக்கொண்டே இருந்தார் ராவ். நானும் காட்டிக்கொண்டே இருந்தேன்.

செங்கோடனைச் சேலத்துக்கு வண்டியில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் பிழைத்தது, கொஞ்சம் குட்டையாக. அதன் பிறகு அவன் மலை ஏறவில்லை. ராவ் எழுதிப்போட்டு அவனுக்கு ஆபீசிலேயே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கிக்கொடுத்தார். முனியப்பனின் வேல் வெளிச்சம் காட்டிய விஷயத்தை வெகுநாள் கழித்துத்தான் அவனிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "பாருங்க, நான் கெடந்த நாளெல்லாம் எனக்குப் பதிலா முனியப்பன் டூட்டி பாத்திருக்காருங்க. சம்பளத்துல பாதி அவருக்குத்தானுங்க" என்றான். அந்த வருஷமே குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்தான். என்னையும் கூப்பிட்டான். பொங்கல் அடிவாரத்தில் என்றால் வருகிறேன் என்றேன்.

நான் கஞ்சமலைக்குத் திரும்பியபோது குடை பிடிக்கும் கலாசி என்னிடம் ரகசியமாகச் சொன்னான். நான் இறங்கிப்போன அன்று சாயங்காலம் வெளிச்சம் சீக்கிரமே வந்ததாம். ராவ் ஒன்று காட்டச் சொன்னாராம். அங்கே மூடவில்லை. மறுபடி காட்டினார்கள், மூடவில்லை. ஆள் இருந்தால் மூடியிருப்பான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். அந்த நிமிஷமே இரண்டு ஆட்களை ஓடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் அடிவாரம் வந்து சேர்வதற்குள் செங்கோடன் கிடைத்துவிட்டான். அப்போதிலிருந்து சோறு தொடவில்லை, படுக்கவில்லை, கருவியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.  எனக்கு மனதில் ஒரு குறை இருந்தது, அத்தனை தடவை காட்டியும் என் கண்ணாடி வேலை சரியில்லையோ என்று. கேட்டேவிட்டேன்.

"சார், நான் காட்டின மூன்று வெளிச்சம் உங்களுக்குத் தெரியவில்லையா?"

அவர் மப்ளரின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் முனியன்மலையைப் பார்த்தபடி சொன்னார்:

"முதல் தடவையே தெரிஞ்சுது."